பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ: 13,990 கிலோமீட்டரை மணி நேரமாக மாற்றுவது எப்படி?

பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்று போனில் கேட்டால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். எத்தனை மணி நேரம் என்று கேட்டால்தான் குழப்பம். ஒருவர் 16 என்பார், இன்னொருவர் 23 என்பார், மகள் பிரசவத்துக்குப் போய்வந்த மாமி ஒருவர் "ஒன்றரை நாள் ஆச்சு" என்பார். மூவர் சொல்வதும் சரிதான். முதலாமவர் விமானம் பறக்கும் நேரத்தைச் சொல்கிறார். இரண்டாமவர் டிக்கெட்டில் போட்டிருக்கும் மொத்த நேரத்தைச் சொல்கிறார். மாமி சொல்வது வீட்டைப் பூட்டியதிலிருந்து மகள் வீட்டில் காபி குடித்தது வரை.

இந்த மூன்றையும் நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்குப் பெங்களூரு – சான் பிரான்சிஸ்கோ. முறை எந்த இரண்டு ஊருக்கும் பொருந்தும். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் தூரம்

பூமி உருண்டை என்பதால் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய பாதை, பூமியின் மையத்தைச் சுற்றி வரையும் பெருவட்டத்தின் ஒரு துண்டு. அதை அளக்க நான்கு எண்கள் போதும். பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் 13.20 பாகை வடக்கு, 77.71 பாகை கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் 37.62 பாகை வடக்கு, 122.38 பாகை மேற்கு. போனில் உள்ள கால்குலேட்டரைப் படுக்கவைத்துத் திருப்பினால் சைன், கொசைன் பொத்தான்கள் தோன்றும். பிறகு இப்படி:

1. தீர்க்கரேகைகளின் இடைவெளியைக் கண்டுபிடியுங்கள். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 77.71 + 122.38 = 200.09. இது 180-ஐத் தாண்டியதால் 360-இலிருந்து கழியுங்கள்: 159.91.
2. இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்: 0.2284 × 0.6104 = 0.1394.
3. இரண்டு அட்சரேகைகளின் கொசைன்களையும், 159.91-இன் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9736 × 0.7921 × (−0.9392) = −0.7243.
4. இரண்டையும் கூட்டுங்கள்: −0.5849. இதற்கு நேர்மாறு கொசைன் (cos⁻¹ பொத்தான்) எடுத்தால் 125.8 பாகை.
5. ஒரு பாகைக்கு 111.19 கிலோமீட்டர். பெருக்கினால் ஏறத்தாழ 13,990 கிலோமீட்டர்.

தப்பு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான். கால்குலேட்டர் பாகையில் இல்லாமல் ரேடியனில் இருந்தால் அர்த்தமே இல்லாத எண் வரும். திரையில் 'டிகிரி' என்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விடை 5,175 கிலோமீட்டருக்குப் பக்கத்தில் வந்தால், மேற்கு என்பதை மறந்து கழித்துவிட்டீர்கள் என்று பொருள்.

இணையத்தில் ஒரே தூரத்துக்கு மூன்று நான்கு எண்கள் கிடைக்கும். 13,990 கிலோமீட்டர், 8,693 மைல், 7,554 கடல் மைல் எல்லாம் ஒன்றுதான். விமானத் துறையில் கடல் மைல்தான் வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். சில தளங்கள் விமான நிலையத்திலிருந்து அளக்காமல் ஊரின் நடுவிலிருந்து அளப்பதால் பத்திருபது கிலோமீட்டர் வித்தியாசப்படும். பூமி கச்சிதமான உருண்டை இல்லை என்பதாலும் கொஞ்சம் மாறும். விமானம் 11 கிலோமீட்டர் உயரத்தில் பறப்பதால் தூரம் கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கூடும். இத்தனை நீளப் பயணத்தில் 24 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை நிமிடம்.

கணக்கு பிடிக்காதவர்களுக்கு நூல் இருக்கிறது. பிள்ளைகளின் மேசையில் உள்ள பூகோள உருண்டையில் இரண்டு ஊரையும் நூலால் இறுக்கிப் பிடியுங்கள். உருண்டை 30 செ.மீ. விட்டம் என்றால் ஒரு செ.மீ. என்பது 425 கிலோமீட்டர். நூல் 33 செ.மீ. வரும்.

நூலைப் பிடிக்கும்போது சுவரில் மாட்டிய வரைபடம் மறைத்துவைத்த ஒன்று தெரியும். பாதை கிழக்கேயும் போகவில்லை, மேற்கேயும் போகவில்லை. பெங்களூரிலிருந்து கிட்டத்தட்ட நேர் வடக்கே, 20 பாகை மட்டும் கிழக்கே சாய்ந்து கிளம்பி, இமயத்தைத் தாண்டி, சீனா, சைபீரியா வழியாக 71 பாகை வடக்கு வரை ஏறி, அலாஸ்கா பக்கமாக இறங்குகிறது. சான் பிரான்சிஸ்கோ நமக்கு ஏறக்குறைய பூமியின் மறுபக்கம். அதனால்தான் கிழக்கே போனாலும் மேற்கே போனாலும் பெரிய வித்தியாசம் இல்லாத நிலை. இதை நினைவில் வையுங்கள். எந்த ஊர் வழியாகப் போவது என்று முடிவெடுக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

விமானம் ஏன் அந்தக் கோட்டில் போவதில்லை

நேர்கோட்டில் முதல் முட்டுக்கட்டை திபெத். பயணிகள் விமானத்தில் காற்றழுத்தம் போய்விட்டால், விமானி சில நிமிடங்களில் 10,000 அடிக்கு, அதாவது மூன்று கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியாக வேண்டும். தலைக்கு மேல் தொங்கும் ஆக்சிஜன் முகமூடி கால்மணி நேரம், இருபது நிமிடம்தான் தாங்கும். திபெத் பீடபூமியின் சராசரி உயரமே நாலரை கிலோமீட்டர். இறங்க இடமே இல்லை. அதனால் பெரும்பாலான விமானங்கள் அந்தப் பகுதியைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன.

அடுத்தது வான்வெளித் தடைகள். 2022 தொடக்கத்தில் உக்ரைன் போர் மூண்டபின் ஐரோப்பிய, அமெரிக்க, கனடா நிறுவனங்களுக்கு ரஷ்யா தன் வானத்தை மூடியது. இந்திய நிறுவனங்களுக்கு மூடவில்லை. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்குத் தன் வானத்தை மூட, சில நாட்களில் இந்தியாவும் பதிலுக்கு மூடியது. 2019-லும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுவரை இதே நிலைமை இருந்தது. இந்தத் தடையில் அதிகம் அடிபடுவது டெல்லிக்காரர்கள். பெங்களூரிலிருந்து மேற்கே போகும் விமானம் எப்படியும் அரபிக்கடல் மேல்தான் போகிறது என்பதால் நமக்கு அடி குறைவு. ஆனால் டெல்லியில் மாறி அமெரிக்கா போகும் டிக்கெட் எடுத்தால் அந்தச் சுற்று உங்கள் தலையிலும் விழும்.

வடதுருவம் பக்கம் போகும்போது குளிர் இன்னொரு கவலை. விமான எரிபொருளில் ஜெட் ஏ-1 வகை −47 பாகையில் உறையத் தொடங்கும், அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ வகை −40 பாகையிலேயே. இறக்கையில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையை விமானிகள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அதிகம் குளிர்ந்தால் உயரத்தைக் குறைப்பார்கள், அல்லது வேகத்தைக் கூட்டுவார்கள். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோ – பெங்களூரு நேர் சேவையை போயிங் 777 விமானத்தில் தொடங்கியபோது, முழுக்கப் பெண் விமானிகள் துருவப் பாதையில் அதை ஓட்டி வந்தது பேசப்பட்டது அதனால்தான். 17 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் அது.

நடைமுறைக்கு ஒரு விதி போதும்: பெருவட்டத் தூரத்தோடு 5 சதவீதம் கூட்டுங்கள். 13,990 என்பது 14,690 ஆகும்.

கிலோமீட்டரை மணி நேரமாக்குதல்

நீண்ட தூர விமானங்கள் (777, 787, ஏ350) ஒலியின் வேகத்தில் 84, 85 சதவீத வேகத்தில் பறக்கின்றன. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர். உள்நாட்டில் ஓடும் ஏ320 கொஞ்சம் மெதுவு, 830 என்று வையுங்கள்.

14,690-ஐ 900-ஆல் வகுத்தால் 16 மணி 20 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாவற்றுக்கும் 40 நிமிடம் கூட்டுங்கள். 17 மணி நேரம்.

டிக்கெட்டில் போடுவதும் இந்த மாதிரி நேரம்தான். விமானம் வாயிலைவிட்டுப் பின்னால் நகரும் கணத்திலிருந்து, போய்ச்சேர்ந்த ஊரில் வாயிலில் நிற்கும் கணம் வரை. அதில் நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவைப்பார்கள். அரைமணி தாமதமாகக் கிளம்பியும் சரியான நேரத்துக்கு இறங்கிவிட்டோமே என்று வியக்க வேண்டாம். அந்த அரைமணி முன்பே கணக்கில் இருந்தது.

இப்போது காற்று. பத்துப் பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஆறு மாதிரி ஓடும் காற்றோட்டம் உண்டு. குளிர்காலத்தில் வட பசிபிக் மேல் மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகம்கூட எடுக்கும். விமானம் காற்றுக்குள்தான் 900-இல் போகிறது. காற்றே நூறு கிலோமீட்டர் தள்ளிவிட்டால் தரைமேல் அதன் வேகம் 1,000. எதிர்த்தால் 800. டோக்கியோ – சான் பிரான்சிஸ்கோ 8,230 கிலோமீட்டர். பின்காற்றோடு போனால் 9 மணி நேரம், எதிர்க்காற்றில் திரும்பினால் 11. ஒரே பாதை, இரண்டு மணி நேர வித்தியாசம். பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று பலர் சொல்வார்கள். பூமியோடு சேர்ந்து காற்றும்தான் சுழல்கிறது. சுழற்சி மட்டும் நேரத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை.

எந்த ஊர் வழியாக?

மணி நேரங்கள் மிச்சமாவதும் போவதும் இங்கேதான். நேர் விமானம் இந்தத் தடத்தில் சில பருவங்களில் இருக்கும், சிலவற்றில் இருக்காது. எரிபொருள் விலை, வான்வெளி, விமானத் தட்டுப்பாடு என்று காரணம் மாறும். பெரும்பாலானோர் ஒரு ஊரில் மாறித்தான் போகிறார்கள். பழக்கத்தில் எல்லோரும் துபாய், தோஹா என்றே தேடுகிறார்கள். ஆனால் தூரத்தைக் கூட்டிப் பாருங்கள்.

டோக்கியோ நரிட்டா வழி: 6,700 + 8,230 = 14,930 கிலோமீட்டர்.
ஹாங்காங் வழி: 3,955 + 11,130 = சுமார் 15,080.
துபாய் வழி: 2,695 + 13,020 = சுமார் 15,720.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,400 + 9,150 = 16,550.
சிங்கப்பூர் வழி: 3,180 + 13,580 = 16,760.

டோக்கியோ கிழக்குக் கோடியில் இருக்கிறதே, சுற்று அல்லவா என்று தோன்றும். இல்லை. உருண்டையில் நூலைப் பிடித்தால் இந்த ஐந்து ஊர்களில் நேர்பாதைக்கு மிக அருகில் இருப்பது டோக்கியோதான். நேர்பாதையைவிட 7 சதவீதமே கூடுதல். துபாய் 12 சதவீதம், சிங்கப்பூர் 20.

போகும்போது காற்றும் சேர்ந்துகொள்கிறது. பெங்களூரு – டோக்கியோ சுமார் 8 மணி நேரம், அங்கிருந்து 9, ஒன்பதேகால். பறக்கும் நேரம் மொத்தம் 17 மணி சொச்சம். ஹாங்காங் வழி ஐந்தரையும் பன்னிரண்டும், அதாவது பதினேழரை, 18. துபாய் வழி 4 மணியும் 16 மணியும், 20. ஃபிராங்க்ஃபர்ட் வழி பத்துக்குச் சற்றுக் குறைவு, பிறகு பதினொன்றரை, இருபத்தொன்றைத் தாண்டும். சிங்கப்பூர் தூரத்தில் கடைசி என்றாலும், கிழக்கே போவதால் நாலரையும் பதினைந்துமாக 20-க்குள் முடிந்துவிடுகிறது. காற்று எத்தனை பெரிய ஆள் என்பதற்கு அது ஒன்றே சாட்சி.

திரும்பும்போது கணக்கு தலைகீழ். சான் பிரான்சிஸ்கோ – டோக்கியோ 11, டோக்கியோ – பெங்களூரு ஒன்பதரை, பத்து. 21 ஆகிவிட்டது. ஐரோப்பா வழியாக வந்தால் அதே கிழக்கு நோக்கிய காற்று இப்போதும் முதுகில் தள்ளும்: ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பதினொன்றுக்குள், அங்கிருந்து பெங்களூருக்கு ஒன்பதுக்குள். துபாய் வழியும் பத்தொன்பதரைக்குள் வந்துவிடும். ஆக, நேரம் மட்டுமே முக்கியம் என்றால் போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே, உலகை ஒரு முழுச்சுற்றுச் சுற்றுவதுதான் உத்தமம். இரண்டு வேறு நிறுவனங்களில் போக டிக்கெட், வர டிக்கெட் எடுக்க விலை எகிறும் என்பதால் அதிகம் பேர் செய்வதில்லை. வேலைக்காக அவசரமாகப் போய்வருபவர் யோசிக்கலாம். முழங்கால் வலியோடு போகும் பெரியவர்களுக்கு வேறு நியாயம்: 16 மணி நேரம் ஒரே இருக்கையில் உட்காருவதைவிட, எட்டும் ஒன்பதுமாகப் பிரிந்து வரும் டோக்கியோ பாதை உடம்புக்கு இதம். நடுவில் எழுந்து நடக்க மூன்று மணி நேரம் கிடைக்கிறது.

தேடும்போது 'நான்-ஸ்டாப்', 'டைரக்ட்' இரண்டும் ஒன்றில்லை. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்றுதான் பொருள். நடுவில் எரிபொருள் நிரப்ப ஒரு ஊரில் இறங்கலாம், ஒன்றரை மணி நேரம் நிற்கலாம். டிக்கெட் விவரத்தில் 'ஸ்டாப் 0' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

டிக்கெட்டில் உள்ள நேரத்தைப் படிப்பது

டிக்கெட்டில் எல்லா நேரமும் அந்தந்த ஊர் நேரம். மொத்தப் பயண நேரம் தெரிய இரண்டையும் இந்திய நேரமாக்கிக் கழிக்க வேண்டும். கலிஃபோர்னியா நம்மைவிடக் கோடையில் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பதின்மூன்றரை. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் மாறும் நாட்கள். ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறு, அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் மாற்றுவதால், மார்ச்சில் இரண்டு மூன்று வாரமும் அக்டோபர் முடிவில் ஒரு வாரமும் வழக்கமான கணக்கு பிசகும்.

ஓர் உதாரணம். ஜூலையில் புதன் அதிகாலை 3:15-க்குப் பெங்களூரில் கிளம்பி, அதே புதன் மதியம் 1:50-க்குச் சான் பிரான்சிஸ்கோவில் இறங்குகிறது என்று டிக்கெட் சொல்கிறது. பத்தரை மணி நேரம்தானா? 1:50-உடன் பன்னிரண்டரை கூட்டினால் இந்திய நேரம் வியாழன் அதிகாலை 2:20. ஆக 23 மணி 5 நிமிடம். இதே நேரங்கள் ஜனவரியில் போட்டிருந்தால் 24 மணி 5 நிமிடம்.

திரும்பும்போது வெள்ளி மாலை 4:45-க்குக் கிளம்பி ஞாயிறு காலை 8 மணிக்குப் பெங்களூரு. இரண்டு நாள் என்று பயம் வேண்டாம். கிளம்பும் நேரம் நமக்குச் சனி அதிகாலை 5:15. மொத்தம் 26 மணி 45 நிமிடம். டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாகத் தெரியும் +1, +2 என்பவை இந்த நாள் கணக்குதான். பசிபிக் வழியாகப் போகும்போது தேதிக்கோட்டைத் தாண்டுவதால், டோக்கியோவில் மாலை 5 மணிக்கு ஏறி அதே நாள் காலை 10 மணிக்கு இறங்கும் வேடிக்கையும் நடக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேர் ஏமாறுவது நள்ளிரவு விமானத்தில். பெங்களூரிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்கும் விடியற்காலை நாலரைக்கும் நடுவில்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் 15-ஆம் தேதி 00:40 என்றால், 14-ஆம் தேதி இரவு 9:40-க்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். நம் பஞ்சாங்கத்தில் சூரிய உதயத்தில்தான் நாள் பிறக்கிறது. பெரியவர்களுக்கு அந்த 00:40 இன்னும் பதினான்காம் தேதி ராத்திரிதான். 15-ஆம் தேதி இரவு பெட்டியோடு போய் நின்றால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். காலண்டரில் தேதிக்குப் பதிலாக "14 ராத்திரி வீட்டைவிட்டுக் கிளம்பணும்" என்று எழுதிவையுங்கள்.

மாறும் ஊரில் எவ்வளவு இடைவெளி

ஒரே டிக்கெட்டில் உள்ள இணைப்புக்கு நிறுவனம் பொறுப்பு. தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிட வேண்டும். விமான நிலையங்கள் ஒரு மணி, ஒன்றேகால் மணி இடைவெளியையே போதும் என்று அனுமதிக்கும். அது ஓடத் தெரிந்தவர்களுக்கு. அமெரிக்கா போகும் விமானங்களுக்கு வாயிலருகே இன்னொரு பாதுகாப்புச் சோதனை நடப்பதும் உண்டு. இரண்டு மணிக்குக் குறைவாக எடுக்காதீர்கள். சக்கர நாற்காலி வேண்டியவர்களுக்கு மூன்று.

பணம் மிச்சம் என்று பெங்களூரு – டெல்லி தனி டிக்கெட், டெல்லி – அமெரிக்கா தனி டிக்கெட் எடுப்பவர்கள், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட்டை இழப்பார்கள். பெட்டியையும் எடுத்து மறுபடி போட வேண்டும். டெல்லியில் ஒன்றாம் முனையத்திலிருந்து மூன்றாம் முனையத்துக்குச் சாலையில் போக வேண்டியிருக்கலாம். டிசம்பர், ஜனவரியில் டெல்லிப் பனிமூட்டம் வேறு. அப்படியே எடுத்தாலும் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

ஊர் ஒன்று என்றாலும் விமான நிலையம் ஒன்றா என்று பாருங்கள். டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும் அறுபது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கின்றன. ஒன்றில் இறங்கி மற்றதில் ஏற வேண்டும் என்றால் ஜப்பான் விசாவும் தேவைப்படும்.

அமெரிக்காவுக்குள்ளேயே மாறுவதாக இருந்தால், உதாரணமாக நியூயார்க்கில் இறங்கி சான் பிரான்சிஸ்கோ போவதென்றால், குடியேற்றச் சோதனை, பெட்டி எடுப்பது, சுங்கம், மறுபடி பெட்டி போடுவது எல்லாம் முதலில் இறங்கும் ஊரிலேயே. அங்கே மூன்று மணி நேரம் வேண்டும். அபுதாபி ஒரு விதிவிலக்கு: அமெரிக்கக் குடியேற்றச் சோதனையை அங்கேயே முடித்து அனுப்புகிறார்கள். இறங்கும்போது உள்நாட்டுப் பயணிபோல நேரே வெளியே வந்துவிடலாம்.

வீட்டிலிருந்து தேவனஹள்ளி வரை

அல்சூரிலிருந்து 35 கிலோமீட்டர், எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து 55, ஓசூரிலிருந்து 75. இரவு 11 மணிக்குமேல் ஓசூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அதே தூரம் மாலை 5 மணிக்கு மூன்று மணி நேரத்தை விழுங்கும். சில்க் போர்டு, டின் ஃபேக்டரி, ஹெப்பால் என்று மூன்று இடத்தில் மாட்டுவீர்கள்; அதில் ஹெப்பால் மேம்பாலத்துக்கு மட்டும் மழை நாளில் முக்கால் மணி நேரம் தனியாக ஒதுக்குங்கள். வாயு வஜ்ரா பேருந்தில் பெட்டி வைக்க இடம் உண்டு, கூட்டமாகப் போகாதவர்களுக்குக் காரைவிடச் செலவு குறைவு. பேருந்துக்கும் ஹெப்பாலில் தனி வழி கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

கவுன்ட்டர் பொதுவாக விமானத்துக்கு 60 நிமிடம் முன் மூடப்படும், வாயில் இருபது, இருபத்தைந்து நிமிடம் முன். வெளிநாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இரண்டாம் முனையத்தில் இருங்கள். பவர் பேங்க்கைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திறக்கவைத்து அரைமணி நேரத்தைத் தின்றுவிடுவார்கள். கொப்பரைத் தேங்காய்க்கும் பெட்டியில் இடமில்லை, எண்ணெய்ச் சத்தால் எளிதில் தீப்பிடிக்கும் என்று தடை.

ராகு காலம் பார்த்துக் கிளம்புகிறவர்களுக்கு நள்ளிரவு விமானம் வசதி, பகல் ராகு காலம் குறுக்கே வராது. ஞாயிறு இரவு 10 மணி விமானம்தான் சிக்கல். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து சரியாக நாலரைக்குக் கிளம்ப வேண்டும்; நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். நாலேகாலுக்கே வாசல் தாண்டிவிடுங்கள். ஆறு வரை காத்திருந்து கிளம்புவது சூதாட்டம்.

மொத்தக் கூட்டல்

எலெக்ட்ரானிக் சிட்டி வீட்டிலிருந்து துபாய் வழியாக: சாலையில் இரண்டரை, தேவனஹள்ளியில் மூன்று, துபாய் வரை நான்கு, அங்கே காத்திருப்பு மூன்று, சான் பிரான்சிஸ்கோ வரை பதினாறு, இறங்கி வெளியே வர ஒன்றரை, சன்னிவேல் அல்லது ஃப்ரீமாண்டுக்குக் காரில் ஒன்று. 31 மணி நேரம். டோக்கியோ வழியாக இதே கணக்கில் 28 மணி சொச்சம். துபாய் கணக்கின் 31-இல் விமானம் காற்றில் இருப்பது 20-க்கும் குறைவு. பெட்டி, வரிசை, சாலை எல்லாம் சேர்ந்து மீதியை எடுத்துக்கொள்கின்றன.

நீரிழிவு மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இந்த மணிக்கணக்கை ஒரு தாளில் எழுதி, கிளம்பும் முன் மருத்துவரிடம் காட்டி எந்த வேளை எப்போது என்று குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பார்த்து எடுத்தால் ஒரு வேளை இரண்டாகும், அல்லது விட்டுப்போகும்.

சான் பிரான்சிஸ்கோவில் குடியேற்ற வரிசை அரைமணியிலும் முடியும், இரண்டு மணி நேரமும் ஆகும். அடுத்தடுத்து எத்தனை பெரிய விமானங்கள் இறங்கின என்பதைப் பொறுத்தது. சுங்கத்தில் ஊறுகாய், பொடி எல்லாம் உணவு என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் பெரும்பாலும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், மறைத்தால் அபராதம். பச்சைக் கருவேப்பிலையை மட்டும் கட்டாயம் எடுத்துப்போகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் நோயைப் பரப்பும் என்று அமெரிக்காவில் தடை. பெட்டியைப் பிரித்துப்போட்டுத் தேட ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் காலி.

அழைத்துப்போக வரும் பிள்ளைகளிடம் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லாதீர்கள். அதோடு ஒன்றரை மணி நேரம் கூட்டிச் சொல்லுங்கள். வாசலில் கார் நிறுத்திக் காத்திருக்க விடமாட்டார்கள். பெட்டி கைக்கு வந்ததும் போன் செய்தால், பக்கத்தில் எங்காவது காத்திருப்பவர்கள் பத்து நிமிடத்தில் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.